காய்ந்த புல்லும் கச்சான் காற்றும்

ஆடி பிறந்ததும் ஊவா மலைச்சாரல்களில் தீப்பிடித்த செய்திகள் வரத் தொடங்கும். வெலிமடை, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று ஊர்ப்பெயர் மாறுமேயன்றிச் செய்தி மாறாது. இத்தனை ஏக்கர் புல்வெளி எரிந்தது, எவரோ வைத்த தீ என்று ஐயம், படையினரும் ஊரவரும் சேர்ந்து அணைத்தனர் என்ற அளவோடு அது முடிந்துவிடும். களுபோவிலையிலும் வெள்ளவத்தையிலும் அமர்ந்து நாளிதழ் படிக்கும் நமக்கு அது பக்க மூலையிற் கிடக்கும் நாலு வரி. நம் முற்றத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றே மலைக்கு அப்பால் அந்த நெருப்பை ஊதிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர்.

கடலின் ஈரத்தை அள்ளிவரும் அக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, கொண்டுவந்த நீரையெல்லாம் மழையாகப் பெய்துவிடுகிறது. முகட்டைக் கடந்து கிழக்கே இறங்குகையில் அழுத்தம் மிகுந்து வெப்பமடைகிறது. ஈரமோ முன்னமே போய்விட்டது. பதுளைப் பாதையிற் பயணித்தோர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். பட்டிப்பொலையைத் தாண்டியதும் தூறலோடு சுரங்கத்துட் புகும் புகையிரதம், மறுவாயிலில் பளீரென்ற வெயிலில் வெளிவரும். அங்கிருந்து தாழ்ந்து தாழ்ந்து கீழ்க்கரை சேரும் அந்த வறள்காற்றைத்தான் மட்டக்களப்பார் கச்சான் என்று அழைக்கின்றனர். நெல்வயல்களை வாட்டும் காற்று என்று அவர்கள் அதனை வையாத ஆண்டில்லை.

அக்காற்று முதலில் தீண்டுவது பத்தனைப் புல்வெளிகளை. கல்வியியற் கல்லூரியால் ஆசிரிய உலகு நன்கறிந்த பத்தனை என்ற ஊர்ப்பெயரும் இச்சொல்லையே நினைவூட்டுகிறது. ஊவாவின் உலர்பத்தனைகளில் ஆளுயரம் வளரும் மானாப் புல், எலுமிச்சை மணம் கமழும் எண்ணெய்ப்புல் இனத்தது. பெருமரம் காய்வதற்கு மாதங்கள் வேண்டும். புல்லின் மெல்லிய தாளோ ஒரு மணி நேர வெயிலுக்கும் காற்றுக்கும் தன் ஈரத்தை இழந்துவிடும். ஆதலால் நேற்றுப் பெய்த சிறு தூறலை நம்பி இன்று அஞ்சாதிருக்க இயலாது. மரமடர்ந்த காட்டுத் தீயினும் புல்வெளித் தீ விரைந்தோடுவது. வீசும் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வேகம் அதற்குண்டு என்பது தீயியலார் கைக்கணக்கு. மேட்டு நிலமாயின் பத்துப் பாகைச் சரிவுக்கு அவ்வேகம் இருமடங்காகும்.

இக்கணக்கின் பொருளைத் தமிழ்நாடு 2018 மார்ச் 11ஆம் நாள் அறிந்தது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவினரைச் சரிவிலே புல்தீ சூழ்ந்துகொண்டது. மாண்டோர் தொகை ஈற்றில் 23 ஆயிற்று. பெரும்பாலோர் இளவயதினர். மரங்களே அரிதான திறந்த வெளியிலே இத்தனை உயிர் போகுமா என்று அன்று பலர் வியந்தனர். திறந்த வெளியாய் இருந்ததுதான் வினையாயிற்று. கோடை முற்றிய புல்லும், மேல்நோக்கிய சரிவும், காற்றும் ஒருங்கு கூடிய இடத்தில் மனிதனின் கால் தீயின் காலை வெல்லாது. அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்கு அங்கே விதிகள் வகுக்கப்பட்டன.

ஆனால் ஊவாவுக்கு இதனினும் நெருங்கிய பாடம் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ளது. ஹவாயின் மௌயித் தீவில், லஹெய்னா என்ற ஊர் கரும்புத் தோட்டத்தால் வாழ்ந்த ஊர். அங்கிருந்த சர்க்கரை ஆலை 1999இல் மூடப்பட்டது. கரும்பு நின்ற சரிவுகளைக் கினிப்புல் போன்ற வந்தேறிப் புற்கள் பிடித்துக்கொண்டன. 2023 ஆகஸ்டு 8ஆம் நாள் மலையிலிருந்து வறண்ட காற்று சீறி இறங்க, அறுந்த மின்கம்பியின் பொறி அப்புல்லிற் பட்டது. மாலைக்குள் ஊர் சாம்பலாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தோட்டம் போன இடத்திற் புல் வந்தது, புல் வந்த இடத்தில் தீ வந்தது.

நம் மலையகத்தில் இது பிறநாட்டுக் கதையன்று. விளைச்சல் குன்றியதனாலும் ஆளில்லாமையாலும் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலே இன்று மானாவும் கினிப்புல்லும் இடுப்பளவு நிற்கின்றன. மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்கென்று மானாவை வரிசையாக நட்டு, வெட்டி, நிலத்திற் பரப்பிய தோட்டங்கள் உண்டு. அங்கே அது பயிர். வெட்டுவாரற்றபோது அதே புல் விறகாகிவிடுகிறது. அச்சரிவுகளின் அடியிலே லயங்கள் இருக்கின்றன. ஒரு காம்பராவிற் பற்றிய தீ வரிசை முழுவதையும் கொள்ளும் விதமாக ஒட்டிக் கட்டப்பட்டவை அவை.

தீ வைப்பவன் யார் என்ற கேள்வியில் நமது அதிகாரிகள் பெரிதும் மினக்கெடுகிறார்கள். மாட்டுக்கு இளந்துளிர் வேண்டி எரிப்போரும் வேட்டைக்காரரும் உண்மையில் இருக்கின்றனர். ஒதுக்குக் காட்டிலே தீ மூட்டுதல் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுச் சட்டத்தின்படி குற்றமுமாகும். ஆயினும் தீப்பெட்டி ஆண்டு முழுவதும் எல்லா வீட்டிலும் கிடக்கிறது. பேரிழப்பு நேர்வதோ புல் காய்ந்து காற்று எழுந்த சில நாட்களில் மட்டும். 1970களிலும் 80களிலும் பத்தனைகளில் நட்ட பைன் மரங்களின் உதிர்ந்த ஊசியிலைகளும் அந்நாட்களிலேதான் எளிதிற் பற்றுகின்றன. தீயை முற்றாக விலக்கிவிடலாம் என்று கருதுவதும் பேதைமை. பத்தனைகளின் தோற்றத்திலேயே தீக்குப் பங்குண்டா என்று நூறாண்டுக்கு மேலாக அறிஞர் வாதிடுகின்றனர். பாதி பச்சையாய் இருக்கையில் சிறுசிறு துண்டாக எரித்துவிடுவது பின்னர் வரும் பெருந்தீயைத் தடுக்கவும் கூடும்.

அந்தச் சில நாட்கள் எவையென முன்னறிதல் கடினமன்று. புல்லில் எத்தனை பங்கு காய்ந்தது, வெப்பம், ஈரப்பதன், காற்று ஆகியவற்றைக் கொண்டு அவுஸ்திரேலியர் 1960களிலேயே புல்வெளித் தீயபாயத்தைக் கணித்தனர். 2022 முதல் நாடெங்கும் நான்கு படிகளில் அதனை அறிவிக்கின்றனர். நமக்கும் இவ்வழக்கம் புதிதன்று. மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கை வருகிறது. லயத்துச் சிறுவனும் அதன் பொருளை அறிவான். கச்சான் நாட்களுக்கும் அவ்வாறு ஒரு நிறம் அமையலாகாதா?

எச்சரிக்கை வந்தபின் செய்யவேண்டியதும் எளியதே: லயத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெற்றுநிலம் விடுதல். ஆனால் நிலம் அரசினது, 1992 முதல் நிருவாகம் கம்பனிகளது, குடியிருப்போர் கையிலோ பெரும்பாலும் உறுதி இல்லை. ஆனி மாதத்தில் அந்தப் புல்லை வெட்டும் நாட்கூலியை இம்மூவருள் யார் கணக்கில் எழுதுவது?