மூன்றாவது பின்னை அறுக்காதீர்கள்!

'கரண்ட்டு படிக்கிற பையன்' என்று தெருவில் பேர் எடுத்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. மிக்ஸி ஓடவில்லையா, ஃபேன் சுத்தவில்லையா, கூப்பிடு அவனை! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வாயும் வராது. அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு தப்பைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். நம்மில் பலபேர் இதே தப்பைக் கூசாமல் செய்கிறோம் என்பது என் கருத்து.

திருக்கோவிலூர் பக்கத்தில் எங்கள் பெரியப்பா புது வீடு கட்டியதும் ஆசையாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினார். கம்பெனி செட் இல்லை. போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தனித்தனியாக வாங்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய அசெம்பிள் செட். பாட்டு போட்டால் ஜன்னல் கதவு அதிரும். பாட்டை நிறுத்தினால்தான் சங்கடம். 'ம்ம்ம்ம்...' என்று விடாமல் ஓர் இரைச்சல். "உள்ளார வண்டு கிண்டு பூந்துகிச்சாடா?" என்று கேட்டார் பாட்டி.

அப்போது எனக்கு முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறை. டெஸ்டரும் ஆக்சா பிளேடுமாகப் போனேன். எங்கேயோ காதில் விழுந்த வைத்தியம் ஒன்று என் கைவசம் இருந்தது. பிளக்கில் மேலே தடியாக இருக்கிறதே மூன்றாவது பின், அதை அறுத்துவிட்டால் ஹம் போய்விடும். அறுத்தேன். போயே போய்விட்டது! பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்து, "படிச்ச கை, படிச்ச கைதான்டா" என்றார். அந்த ஐம்பது ரூபாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தப்பான வைத்தியம் பலிக்காமல் போனால் ஆபத்து இல்லை, நாலு பேர் சிரிப்பதோடு சரி. இது பலிக்கிறது! ஏன் பலிக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் ஏன் செய்யக்கூடாது என்பதும் புரியும்.

பெரியப்பா வீட்டுப் பெட்டிக்கு மூன்றாவது பின் வழியாக வீட்டு எர்த் ஒன்று கிடைத்தது. டி.வி.யிலிருந்து வந்த ஆடியோ வயரின் மேல்வலை வழியாக இன்னொரு எர்த்தும் வந்தது. எப்படி? டி.வி.க்கு வரும் கேபிள் கம்பம் கம்பமாகத் தாண்டி வருகிறது. அதன் மேல்வலை வேறெங்கோ தரையைத் தொடுகிறது. இரண்டு இடத்துத் தரைக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கும். உடனே ஒரு சின்ன மின்னோட்டம் அந்த மேல்வலையிலேயே சுற்றி வரும். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு எது, இது எது என்று தெரியுமா? இதையும் பாட்டென்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது. நம் நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுதான் பாட்டி கேட்ட வண்டு. இதற்கு எர்த் லூப் என்று பெயர். மூன்றாவது பின்னை அறுத்தால் வளையம் அறுந்துபோகும், சத்தமும் நிற்கும். கூடவே அந்தப் பெட்டிக்கு இருந்த ஒரே காவலும் போய்விடும்.

போகிக்கு முதல் நாள் வீடு கழுவினார்கள். பெரியம்மா ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று அந்தப் பெட்டியை நகர்த்தியிருக்கிறார். தூக்கி அடித்தது. கை ஒட்டிக்கொள்ளாமல் உதறிவிட்டதால் பிழைத்தார். இரண்டு நாள் வலது கை மரத்தே கிடந்தது.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். மெயின் வயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லை. தகர விளிம்பு அதிர்ந்து அதிர்ந்து வயர் தோலை அறுத்து, பேஸ் கம்பி பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் மட்டும் இருந்திருந்தால் தொட்ட நொடியே கரண்ட் தரைக்குப் பாய்ந்து எம்.சி.பி. விழுந்திருக்கும். நான்தான் அதை அறுத்துவிட்டேனே! 230 வோல்ட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி சத்தம் போடாமல் ஒரு கைக்காகக் காத்திருந்தது.

அந்தப் பின்னை மட்டும் ஏன் நீளமாக வைத்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? சொருகும்போது முதலில் எர்த் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில்தான் விட வேண்டும். எங்கள் ஊர் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மழை இரவில் மூன்று ஆழ்வார்கள் இடம் பண்ணிக்கொண்ட கதை எல்லோரும் அறிந்தது. அந்த ஊர்க்காரன் நான், பிளக்கில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று விரட்டினேன்!

சரி, வேறென்ன செய்திருக்க வேண்டும்? வால்யூமை முழுக்கக் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும். அப்போதும் இரைந்தால் கோளாறு பெரும்பாலும் பவர் சப்ளையில். ஃபில்டர் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கும், மாற்றினால் தீர்ந்தது. (அந்தச் சத்தம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாக வரும்.) ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியே உறுமினால் டிரான்ஸ்ஃபார்மரின் தகடு தளர்ந்திருக்கலாம். வால்யூம் ஏற ஏற இரைச்சலும் ஏறினால், வெளியிலிருந்து வருகிற வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். கேபிளைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் எர்த் லூப்தான். டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே போர்டில் சொருகலாம். கேபிள் வழியில் ஐசொலேட்டர் போடலாம். இரண்டு பக்கமும் வசதி இருந்தால் ஆப்டிகல் வயர் போடலாம், அதில் ஒளிதான் போகிறது, கரண்ட் போக வழியே கிடையாது. இத்தனை வழி இருக்க, ஆக்சா பிளேடு எதற்கு?

என் கதையாவது எர்த் இருந்த வீட்டைக் கெடுத்த கதை. எர்த்தே இல்லாத வீடுகள் எத்தனை! 2011-இல் தொடங்கி அரசு வீடு வீடாக மிக்ஸியும் கிரைண்டரும் கொடுத்தது. கிரைண்டர் பிளக்கில் மூன்று பின். எங்கள் தெருவிலோ சில பழைய வீடுகளில் சுவரில் ஓட்டை மூன்று, உள்ளே கம்பி இரண்டு! இன்னும் சில வீட்டில் நியூட்ரலையே எர்த் ஓட்டையோடு முறுக்கிவிட்டிருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறும் என்பதை யார் போய்ச் சொல்வது?

நாம்தான் சொல்ல வேண்டும் என்கிறேன். லேபில் ஓம் விதியை நூறு முறை சரிபார்க்கிறோம், அது ஒருபோதும் நம்மை ஏமாற்றியதில்லை! சொந்த வீட்டு எர்த்தைச் சரிபார்த்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? நம் மாணவர் மன்றம் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். ஆசிரியரும் லைசென்ஸ் உள்ள வயர்மேனும் கூட வர, பக்கத்துக் கிராமத்தில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு பிளக் பாயிண்டையும் பார்ப்போம். எர்த் இல்லாத வீட்டின் பட்டியலை ஊராட்சியில் கொடுப்போம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருப்பதையாவது சொல்லிவிட்டு வருவோம்.

பெரியப்பா வீட்டு செட்டுக்குப் புது வயரும் ரப்பர் புஷ்ஷும் மூன்று பின் பிளக்கும் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே போர்டுக்கு மாற்றியதில் இரைச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. ராத்திரியில் காது கொடுத்தால் கொஞ்சம் கேட்கும். ஐசொலேட்டர் வாங்க வேண்டும். "இன்னும் லேசா கேக்குதேடா" என்கிறார் பெரியப்பா. பெரியம்மா ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பெட்டியைத் துடைக்க மட்டும் இன்றுவரை கிட்டே போவதில்லை.