பழைய ஏட்டைப் புரட்டுவது யார் வேலை?

ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் இரண்டு அணுமின் நிலையங்கள். ஒன்று ஓனகாவா, மற்றொன்று ஃபுகுஷிமா. 2011 மார்ச் 11 அன்று இரண்டின் மீதும் சுனாமி மோதியது. ஃபுகுஷிமாவில் மூன்று உலைகள் உருகின. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்த ஓனகாவா தப்பியது. வீடிழந்த அக்கம்பக்கத்து ஊரார் 300-க்கும் மேற்பட்டோர் அந்த நிலையத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். அணு உலை வளாகத்தில் அடைக்கலம்!

இந்த வித்தியாசத்தின் வேர் 9-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 901-இல் தொகுத்து முடிக்கப்பட்ட ‘நிஹோன் சந்தாய் ஜிட்சுரோகு’ என்னும் அரசவை வரலாற்றில், 869-இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் பதிவாகியிருக்கிறது. கடல் பொங்கி தகாஜோ கோட்டைப் பகுதி வரை ஏறியதாகவும் ஆயிரம் பேர் மூழ்கி இறந்ததாகவும் அது சொல்கிறது. வரலாற்றறிஞர் யோஷிதா தோகோ 1906-லேயே இதை ஆராய்ந்து கட்டுரை எழுதிவிட்டார். பின்னாளில் நிலவியலாளர்கள் செந்தாய் சமவெளியைத் தோண்டி, அந்தக் கடல் விட்டுப்போன மணல் படிவைக் கண்டெடுத்தார்கள்.

ஓனகாவாவைத் திட்டமிட்டபோது, தொஹோகு மின் நிறுவனத்தின் ஹிராய் யானோசுகே 869-ஐ நினைவூட்டி, தளம் உயரமாக இருந்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 14.8 மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். ஃபுகுஷிமாவில் நடந்தது நேர்மாறு. இயற்கையே கொடுத்திருந்த 35 மீட்டர் மேட்டை வெட்டி 10 மீட்டருக்குத் தாழ்த்தினார்கள். 869 ஏன் கணக்கில் இல்லை என்று நிலவியலாளர் ஒகமுரா யுகினொபு 2009-இல் அரசுக் குழுக் கூட்டத்தில் கேட்டார். ஃபுகுஷிமாவை நடத்திய மின் நிறுவனம் அசையவில்லை.

ஹிராய் பொறியாளர்தானே, இதில் வரலாற்றுத் துறைக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சேதி ஒரு பொறியாளரின் காதில் விழ வேண்டுமானால், இடையில் தலைமுறை தலைமுறையாக யாரோ அதைப் படியெடுத்து, காப்பாற்றி, பொருள் சொல்லி வந்திருக்க வேண்டும்.

அந்த ‘யாரோ’வுக்குச் சம்பளம் கொடுக்கும் துறைகள் மீதுதான் 2015 ஜூனில் ஜப்பான் கல்வி அமைச்சகம் கைவைத்தது. கலை, சமூக அறிவியல் துறைகளை மூடுங்கள், அல்லது சமூகத்துக்கு அதிகம் தேவைப்படும் துறைகளாக மாற்றுங்கள் என்று தேசியப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் போனது. ஃபுகுஷிமா நடந்து நான்கே ஆண்டு! கல்வியாளர்கள் கொதித்தது எதிர்பார்த்ததுதான். பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென்னும், உடனடிப் பலன் தரும் ஆட்கள் மட்டும் போதும் என்று தொழில்துறை கேட்கவில்லை என அறிக்கை விட்டதுதான் சுவாரஸ்யம். அமைச்சகம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் இப்படிக் கடிதம் எழுத யாருக்கும் துணிவு வராது. இங்கே நடைமுறை வேறு. மேடையில் பழம்பெருமை பேசுவோம். அதைப் படித்துச் சொல்ல வேண்டிய ஆளைக் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் நிரந்தரமில்லாமல் நிறுத்தி வைப்போம். உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் குடவோலைத் தேர்தலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் இருந்த செய்தியும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. எங்கே ஏரி, எங்கே மதகு, யார் தூர் வாருவது, செலவு யார் பொறுப்பு என்பதையெல்லாம் கல்லில் வெட்டி வைத்த ஊர்கள் நம்முடையவை. ஏரிக்கு உள்ளேயே மனை போட்டு விற்கிற காலத்தில் இது வெறும் பழங்கதையா?

தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. படிகள் ஊர் மாறினால் மட்டும் போதாது. கிரந்தமும் வட்டெழுத்தும் தடுமாறாமல் படிக்கிற ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் அதில் இறங்கமாட்டார்.

உயர்கல்வி மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும்போது இரண்டு அறிவிப்புகளை எதிர்பார்க்கிறோம். அரசு கலைக் கல்லூரிகளின் வரலாறு, தமிழ்த் துறைகளில் உள்ள காலியிடங்களுக்கு நிரந்தர நியமனம். கல்வெட்டுகளில் உள்ள ஏரி, மதகு, வாய்க்கால் செய்திகளை மாவட்டவாரியாகத் தொகுத்து நீர்வளத் துறையின் மேசைக்கு அனுப்ப ஒரு குழு. அந்தக் குழுவில் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவருக்கும் பொறியாளருக்கும் ஒரே சம்பளம் இருக்கட்டும்.