தாகம் எடுக்காத வயது

கத்திரி வெயில், மதியம் மூன்று மணி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் பாட்டி ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் மகள் வைத்துவிட்டுப் போன சொம்புத் தண்ணீர் அப்படியே இருக்கிறது. கேட்டால், "தாகமே எடுக்கலைம்மா" என்கிறார்.

அவர் சொல்வது உண்மை. வயது ஏற ஏற தாக உணர்வு மங்கும், வியர்ப்பதும் குறையும். பிரஷருக்குத் தரும் மாத்திரைகளில் சில, உடம்பின் நீரைக் கூடுதலாக வெளியேற்றும். ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. வெளியே போகாதீர்கள் என்ற அறிவுரை இவர்களுக்குப் போதாது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் விடிய விடியச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது.

பிரான்ஸ் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் அங்கே சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பிள்ளைகள் விடுமுறைக்கு வெளியூர் போகும் மாதம் அது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. தனியாக வாழும் முதியவர்கள் விரும்பினால் உள்ளாட்சியில் பெயர் பதிந்துகொள்ளலாம். வெப்ப எச்சரிக்கை வந்ததும் அவர்களை போனில் அழைத்து விசாரிக்கிறார்கள்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் அந்த உயிர் போகாமல் தடுக்க ஆள் வேண்டும், அந்த ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு, எந்தத் தெருவில் எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பது தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர்களுக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்து, தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் பார்த்துவரச் சொல்லலாம். சொம்பு காலியாகியிருக்கிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து ஆள் தடுமாறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறலாம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்பதைக் கோடைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் பெரியவர் தனியாக இருந்தால், இன்று மதியம் ஒரு டம்ளர் மோரோடு போய்க் கதவைத் தட்டுங்கள். அவர் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.