மூடிய ஆலைகள் யாருக்கு?

ஓர் ஆலை மூடப்பட்டால் அதன் கதவில் பூட்டு விழுகிறது. அத்துடன் அதைச் சுற்றி வாழ்ந்த ஜனங்களுக்கும் அந்த இடத்துக்கும் இருந்த சம்பந்தம் தீர்ந்துவிட்டதென்று முதலாளிகள் கருதுகிறார்கள். சர்க்காரும் பெரும்பாலும் அப்படியே கருதுகிறது. பூட்டிய கட்டிடம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்று கேட்டால், அதிக விலை கொடுப்பவருக்கு என்ற பதில் தயாராக இருக்கிறது. இந்தப் பதில் தவறானது என்பது நமது அபிப்பிராயம். 1982-ஆம் ஆண்டில் இரு தேசங்களில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு அது விளங்காமற் போகாது.

பிரேஸில் தேசத்தின் ஸாவோ பாலோ நகரில், பாம்பேயா என்ற பகுதியில், 1930-களில் கட்டப்பட்ட ஒரு பீப்பாய்த் தொழிற்சாலை இருந்தது. பிற்காலத்தில் அங்கே குளிர்சாதனப் பெட்டிகள் செய்தார்கள். அத்தொழிலும் நின்றது, கட்டிடம் வெறுமையாகக் கிடந்தது. வர்த்தகத் துறை ஊழியர்களின் நலத்துக்காக 1946-ல் ஏற்பட்ட 'ஸெஸ்க்' என்னும் ஸ்தாபனம் அதை வாங்கிற்று. பழைய கட்டிடத்தை இடித்துத் தள்ளுவதென்பதே முதலில் இருந்த யோசனை. ஆனால் லீனா போ பார்தி என்ற கட்டிடச் சிற்பி அங்கே சென்றபோது வேறொரு காட்சியைக் கண்டார். விடுமுறை நாளில் குழந்தைகள் ஓடி விளையாடினர், வாலிபர்கள் ஒழுகும் கூரையின் கீழ்ப் பந்தாடினர், தாய்மார் சமைத்தனர், ஒரு பக்கம் பொம்மலாட்டம் நடந்தது. காலியான இடம் என்று அதிகாரிகள் எண்ணியதை ஜனங்கள் ஏற்கெனவே தமதாக்கிக்கொண்டிருந்தனர். இந்த ஆனந்தம் அழியாமல் இருக்க வேண்டும் என்று அந்த அம்மையார் தீர்மானித்தார்.

செங்கற் சுவர்களும் கூரையும் நிலைத்தன. ஒரு கொட்டகைக்குள் தாழ்வான சுவர்களை மட்டும் எழுப்பி, மட்பாண்டம், நெசவு, தச்சு, ஓவியம், அச்சு, போட்டோ முதலிய வேலைகளுக்குப் பட்டறைகள் வகுத்தார்கள். நூல் நிலையமும் நாடக அரங்கும் உணவுச்சாலையும் சேர்ந்தன. 1982-ல் கதவுகள் திறந்தன. பிரேஸிலில் அப்போது ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1964-ல் தொடங்கிய அந்த ஆட்சி 1985-ல்தான் ஒழிந்தது. ஜனங்கள் கூடுவதையே சந்தேகத்துடன் நோக்கிய காலத்தில், அவர்கள் கூடிக் கைத்தொழிலும் கலையும் பயில ஓர் இடம் கிடைத்தது. இன்றும் அது நடந்து வருகிறது.

அது நிலைத்ததற்குக் காரணம் யாருடைய தாராள மனமும் அன்று. வர்த்தக ஸ்தாபனங்கள் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 1.5 வீதம் ஸெஸ்குக்குச் செலுத்த வேண்டுமென்பது அந்நாட்டின் சட்டம். நன்கொடை வரும், நிற்கும். சட்டப்படி வரும் பணம் தவறாமல் வரும்.

இனி நமது தேசத்தைப் பார்ப்போம். அதே 1982-ஆம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் பல ஆலைகள் மீளவே இல்லை. 'கிரண்காவ்' என்றழைக்கப்பட்ட அந்த ஆலைப் பகுதி உழைப்புக்கு மட்டும் பேர்போனதன்று. தமாஷாவும் லாவணியும் அங்கே செழித்தன. அண்ணாபாவ் ஸாடே, நாராயண் ஸுர்வே போன்ற எழுத்தாளர்கள் அந்த ஆலை வாழ்க்கையை அறிந்து எழுதியவர்கள். கலை அங்கே புதிதாக விதைக்கப்பட வேண்டியிருக்கவில்லை. அதற்கு ஒரு கூரை மட்டுமே தேவையாயிருந்தது.

அந்தக் கூரைக்கு வழி இருந்தது. ஆலை நிலங்களைப் புதிதாகப் பயன்படுத்தும்போது ஒரு பங்கு பொது இடத்துக்கும், ஒரு பங்கு வீடுகளுக்கும், மற்றொரு பங்கு உடைமையாளருக்கும் என்று 1991-ல் விதி ஏற்பட்டது. 2001-ல் அவ்விதியைத் திருத்தி, கட்டிடம் இல்லாத வெற்று நிலத்தை மட்டுமே பங்கிட்டால் போதும் என்றாக்கினார்கள். ஆலை நிலத்தின் பெரும்பகுதி கட்டிடங்களால் மூடப்பட்டிருந்ததால் ஜனங்களின் பங்கு சுருங்கிவிட்டது. 2005-ல் பம்பாய் ஹைகோர்ட் பொது ஜனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006-ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றிற்று. புகைபோக்கிகள் நின்ற இடங்களில் இன்று வானளாவும் மாளிகைகளும் அங்காடிகளும் நிற்கின்றன.

ஆலைகளைப் புனருத்தாரணம் செய்யவும், தொழிலாளர் பாக்கியைத் தீர்க்கவும் விற்பனைப் பணம் வேண்டும் என்று சொன்னார்கள். பாக்கியைத் தீர்க்க வேண்டியது நியாயமே. அதை யார் மறுக்கிறார்கள்? ஆனால் தொழிலாளிக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுப்பதற்கு அவனுக்குச் சேர வேண்டிய நிலத்தையே விற்பது என்ன நியாயம்? வேலை இழந்தவனுக்குக் கலைக்கூடம் எதற்கு என்று கேட்பவரும் உண்டு. வேலை இழந்தவனே தன் கைத்திறனை மறவாமல் காக்கவும், தன் பிள்ளைக்கு அதைக் கற்பிக்கவும் இடம் தேடுகிறான். தறியையும் உளியையும் அறிந்த கைகள் சோம்பிக் கிடப்பது தேசத்துக்கே நஷ்டம்.

மூடிய ஆலையோ பண்டகசாலையோ கைமாறும்போது, அதில் ஒரு கொட்டகையாவது ஜனங்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். அங்கே என்ன நடக்கவேண்டும் என்பதை அக்கம்பக்கத்தாரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதை நடத்தும் செலவுக்குச் சட்டத்திலேயே வழி செய்ய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் திறப்பு விழாவுடன் காரியம் முடிந்துவிடும்.

விதி திருத்தப்பட்ட பின் கோர்ட்டுக்குப் போவதைவிட, திருத்தப்படும்போதே விழித்திருப்பது சுலபம். தமது ஊரில் பூட்டிக் கிடக்கும் கட்டிடம் யாருடையது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அந்நிலத்தைப் பற்றிய விதி என்ன என்று விசாரித்து அறிவது ஒவ்வோர் ஊழியரின் கடமையாகும். விலை பேசுகிறவர்கள் இவற்றை முன்னரே அறிந்திருக்கிறார்கள்.