மூன்றாவதாக்கியது யார்?

'இச்சிறுகதை மூன்றாவதாகத் தரவரிசைப்படுத்தப்பட்டது.'

இந்த மாதிரி வாக்கியத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். போட்டி முடிவு அறிவிப்பில், புத்தகத்தின் பின்னட்டையில், எழுத்தாளரின் தன்விவரக் குறிப்பில் என்று எங்கும் கிடக்கிறது. ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு 'படுத்து', அதன் தலைமேல் ஒரு 'படு'. கதையை யாரோ கட்டிப்போட்டு உதைத்த மாதிரி இருக்கும். ஓசை கெட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த வாக்கியம் ஓர் ஆளை ஒளித்து வைக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இது தமிழில் பிறந்த வாக்கியம் கிடையாது. 'வாஸ் ரேங்க்ட் தர்ட்' என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் இறக்கி வைத்தது. நான் டியூஷனில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தத் தொடரில் பிள்ளைகள் வழுக்குவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒருவன் 'வாஸ் ரேங்க்ட் தி தர்ட்' என்று எழுதுவான். இன்னொருத்தி 'வாஸ் ரேங்க்ட் தர்ட்லி' என்று எழுதுவாள். 'தர்ட்லி' எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். நம் 'மூன்றாவதாக'வில் ஓர் 'ஆக' இருக்கிறதல்லவா, அதைத்தான் அவள் 'லி' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறாள். தமிழைக் கொண்டுபோய் ஆங்கிலத்தில் வைத்தால் சிவப்பு மையில் சுழிக்கிறோம். ஆங்கிலத்தைக் கொண்டுவந்து தமிழில் வைத்தால் அச்சில் ஏற்றி மேடையில் வாசிக்கிறோம். இது என்ன நியாயம்?

அந்த ஆங்கிலத் தொடர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். 'தி ஜட்ஜஸ் ரேங்க்ட் தி ஸ்டோரி தர்ட்' என்பதுதான் மூல வாக்கியம். நடுவர்கள் கதையை மூன்றாம் இடத்தில் வைத்தார்கள். இதைச் செயப்பாட்டு வினைக்குத் திருப்பும்போது நடுவர்கள் வெளியே போய்விடுகிறார்கள், கதை முன்னால் வந்து நிற்கிறது, 'தர்ட்' மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அதற்கு முன்னால் 'தி' தேவையில்லை, பின்னால் 'லி' தேவையில்லை. 'தி டோர் வாஸ் பெயிண்டட் ரெட்' என்றால் சிவப்பாக இருப்பது கதவுதான், சாயம் அடித்த செயல் இல்லை. அதே மாதிரிதான் 'தர்ட்' என்பது கதையின் நிலையைச் சொல்கிறது. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் கணக்கு மாறும்: 'இன் தர்ட் ப்ளேஸ்' என்று ஆகும். 'பெஸ்ட்' சேர்ந்தால் 'தி' திரும்பி வரும்: 'தி தர்ட் பெஸ்ட் ஸ்டோரி'.

இப்போது இதைப் பாருங்கள்: 'ஷி வாஸ் இன்டர்வியூட் தர்ட்'. அச்சு அசல் அதே வடிவம். ஆனால் இங்கே 'தர்ட்' அவளுடைய தகுதியைச் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பேரை நேர்காணல் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். எது தரம், எது வரிசைமுறை என்பதை ஆங்கிலம் வினைச்சொல்லை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. 'வாஸ் நேம்ட் தர்ட்' என்று வந்தால் ஆங்கிலக்காரரே கொஞ்சம் தயங்குவார். பெயரை மூன்றாவதாக வாசித்தார்களா, மூன்றாம் இடம் என்று அறிவித்தார்களா?

தமிழுக்கு இந்தத் தடுமாற்றம் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலத்தில் 'தர்ட்' என்று ஒரே ஒரு வடிவம் செய்யும் வேலையை நம்மிடம் 'மூன்றாம்', 'மூன்றாவது', 'மூன்றாவதாக', 'மூன்றாமவள்' என்று பல வடிவங்கள் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. 'மூன்றாவதாக அழைத்தார்கள்' என்றால் முறை. 'மூன்றாம் இடம் கொடுத்தார்கள்' என்றால் தரம். பேச்சில் இன்னும் சுத்தம்: 'மூணாவதா பேசுனான்' வேற, 'மூணாவது பரிசு வாங்குனான்' வேற. பாட்டிகூட இதில் குழம்ப மாட்டாள். அதுமட்டுமா, 'நீ எத்தனாவது பிள்ளை?' என்று நாம் சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். இந்த 'எத்தனையாவது'க்கு ஆங்கிலத்தில் வழக்கிலுள்ள ஒற்றைச் சொல் கிடையாது, சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் 'கெபெராப்பா' என்று ஒரே சொல்லில் கேட்டுவிடுவார். எண்ணுவரிசை விஷயத்தில் வசதியான வீட்டில் பிறந்துவிட்டு, வசதி குறைந்த இடத்தில் போய்க் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கடன் வாங்கியதன் விளைவு என்ன? 'மூன்றாவதாக அறிவிக்கப்பட்டார்' என்று எழுதுகிறோம். நம் பரிசளிப்பு விழாக்களை நினைத்துப் பாருங்கள். முதலில் சாகுஹாத்தி, அதாவது ஆறுதல் பரிசுகள். பிறகு மூன்றாம் பரிசு. கடைசியில்தான் முதல் பரிசு. ஐந்து ஆறுதல் பரிசுகள் இருந்தால், மூன்றாம் பரிசு பெற்றவரை ஆறாவதாகத்தான் அறிவிக்கிறார்கள். 'மூன்றாவதாக அறிவிக்கப்பட்டவர்' உண்மையில் ஓர் ஆறுதல் பரிசுக்காரர்! ஒரு வரியைத் தமிழாக எழுதத் தெரியாததால், மூன்றாம் பரிசுக்காரருக்கு ஆறுதல் பரிசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இனி அந்த ஒளிந்திருக்கும் ஆளிடம் வருகிறேன்.

செயப்பாட்டு வினையே கூடாது என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. 'எனப்படும்' என்பது பழைய தமிழ்தான். 'அவர் கொல்லப்பட்டார்' என்று எழுத நேரும் நாளும் வரும், கொன்றவர் யாரென்று தெரியாதபோது வேறு எப்படி எழுதுவது? செய்தவர் தெரியாத இடத்தில் செயப்பாட்டு வினை நேர்மையானது. ஆனால் தரவரிசை அப்படிப்பட்ட இடமா? திருடன் யாரென்று தெரியாமல் ஒரு திருட்டு இருக்கலாம். வரிசைப்படுத்தியவர் இல்லாமல் ஒரு வரிசை எப்படி இருக்கும்? யாரோ ஒருவர் ஓர் அளவுகோலைக் கையில் எடுத்து அளந்தால்தான் முதல், இரண்டு, மூன்று எல்லாம் வரும். அந்த ஆளையும் அளவுகோலையும் வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால், 'மூன்றாவது' என்பது கதையோடு கூடவே பிறந்த குணம்போல ஆகிவிடுகிறது.

கியூஎஸ் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2023 பதிப்பில் 11-ஆம் இடம், 2024 பதிப்பில் 8-ஆம் இடம். அந்த 2024 பதிப்பில்தான் நீடித்த நிலைத்தன்மை, வேலைவாய்ப்பு, பன்னாட்டு ஆய்வு வலையமைப்பு என்று மூன்று புதிய அளவுகளைச் சேர்த்தார்கள். பல்கலைக்கழகம் எவ்வளவு வளர்ந்தது, அளவுகோல் எவ்வளவு மாறியது? 'எட்டாவதாகத் தரவரிசைப்படுத்தப்பட்டது' என்ற வாக்கியம் இந்தக் கேள்வி எழவே விடாது. 'கியூஎஸ் இந்த ஆண்டு புதிய அளவுகளைக் கொண்டு எட்டாம் இடம் கொடுத்திருக்கிறது' என்று எழுதினால் கேள்வி தானாக எழும். பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் மலேசியாவை 2023-இல் 73, 2024-இல் 107, 2025-இல் 88 என்று 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு வைத்தது. வைத்தவர் யாரென்று தெரிவதால்தானே அதன்மேல் சண்டை போட முடிகிறது.

பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் பட்டியலின் பெயராவது தெரியும். நம் கதைகளுக்கு அதுவும் இல்லை. எத்தனையோ சிறுகதைப் போட்டி முடிவுகளில் பரிசு பெற்றவரின் பெயர், இடம், தொகை எல்லாம் இருக்கும். நடுவர் யார் என்று இருக்காது. இருந்தாலும், ஏன் மூன்றாம் இடம் என்று ஒரு பத்திகூட இருக்காது. என் கதை ஒன்றுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. எந்த நடுவர், என்ன காரணம் என்று எழுதிக் கேட்டேன். 'குழுவினரால் முடிவு செய்யப்பட்டது' என்று பதில் வந்தது. ஒரு செயப்பாட்டு வினையைக் கேட்டால் இன்னொரு செயப்பாட்டு வினையைத் தருகிறார்கள்.

'இலக்கணத்தைப் போய் இவ்வளவு பெரிசா பேசணுமா? மொழி மாறத்தான் செய்யும், விடுங்க' என்று நண்பர்கள் சொல்வார்கள். மொழி மாறட்டும், நானும் டியூஷன், படிவம், சாகுஹாத்தி என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சொற்கள் எதையும் மறைக்கவில்லை. 'கதை மூன்றாவதாக வந்தது' என்று எழுதினால் போதுமே என்பார்கள் சிலர். அதுவும் முழுசாகச் சரியில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஒரு பிள்ளை மூன்றாவதாக வரலாம், அவள் கால் ஓடியது, கடிகாரம் பார்த்தது. கதைக்குக் கால் இல்லை. அது தானாக ஓடி எங்கும் வராது, யாரோ படித்து, யோசித்து, ஓர் இடத்தில் வைக்க வேண்டும்.

என் கோபம் கடைசியில் வந்து நிற்பது இந்தப் 'படித்து, யோசித்து' என்ற இடத்தில்தான். சிங்கப்பூர் பள்ளிகள் 2019-லிருந்து மாணவர் மதிப்பேட்டில் வகுப்பில் எத்தனையாவது என்று போடுவதை நிறுத்திவிட்டன. பத்து வயதுப் பிள்ளைக்கே அது வேண்டாம் என்று ஒரு கல்வி அமைச்சு முடிவு செய்திருக்கும்போது, முப்பது வயது எழுத்தாளர் தன்விவரக் குறிப்பில் எத்தனையாவது என்று எழுதித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கதையைப் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருந்தால் அதைத்தானே போட்டிருப்பார்? விமர்சனம் வர வேண்டிய இடத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் இருக்கத்தான் இந்தப் 'படுத்தப்பட்டது' உதவுகிறது.

போட்டி நடத்துகிறவர்களே, 'நடுவர்கள் இன்னின்னார், இந்தக் கதைக்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள், காரணம் இது' என்று எழுதுங்கள். மூன்று வாக்கியம் போதும், காசு செலவில்லை. இதழாசிரியர்களே, 'தரவரிசைப்படுத்தப்பட்டது' என்று வந்தால் அடித்துவிட்டு 'யார்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். போட்டிக்குக் கதை அனுப்பும் தம்பி தங்கைகளே, பரிசு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் நல்லதுதான். வாங்கும்போது கதையைப் படித்தவர் யார், அதில் அவருக்குப் பிடிக்காமல் போனது எது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.