வாசல் மரம் வரவா, செலவா?

"மரம் வைங்கன்னு சுலபமா சொல்லிடறீங்க டாக்டர், குப்பையை யார் பெருக்கறது?" என்று கேட்கும் இல்லத்தரசிகளின் அலுப்பு நியாயமானதே. சருகு விழுந்து மொட்டைமாடிக் குழாய் அடைக்கும். வேர் ஓடிச் சுவரைப் பிளக்கும். காலிமனைச் சீமைக்கருவேலத்தின் மகரந்தம் ஆஸ்துமாக்காரரைப் படுத்தும். இதையெல்லாம் மறைத்துப் பேசுவது வைத்தியனுக்கு அழகல்ல.

வரவையும் பாருங்கள். சித்திரை வெயிலில் நிழலில்லாத தெருவில் நடக்கும் முதியவருக்கு மயக்கம், நீர்க்கடுப்பு, வியர்க்குரு. மரம் நிழல் தருவதோடு, இலைவழியே நீராவியை விட்டுக் காற்றையும் குளிரச் செய்கிறது. ஏ.சி. உங்கள் அறையைக் குளிரவைத்து, சூட்டைத் தெருவில் கொட்டுகிறது!

2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 'மரமே ஆபத்து' என்றார்கள். அடிமரம்வரை சிமென்ட் பூசி, கேபிளுக்காக வேரையும் வெட்டினால் எந்த மரம்தான் நிற்கும்?

செலவைக் குறைக்க வழி உண்டு. அழகுக்காகக் குல்மொஹர் வேண்டாம், எளிதில் முறியும். வேம்பு, புங்கன் வையுங்கள். சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள். அடியைச் சுற்றி மண் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்பே கிளை கழியுங்கள். மின்கம்பி அருகே என்றால் மின்வாரிய ஆட்களைக் கூப்பிடுங்கள். சருகைக் கொளுத்தாதீர்கள், புகையும் மூச்சிரைப்பைக் கிளப்பும். குழியில் போட்டால் உரம்.

சளி பிடிக்கிறதென்று யாராவது மூக்கை அறுப்பார்களா? குப்பைக்குப் பயந்து மரத்தையும் வெட்டாதீர்கள்.