ஒரு முறை வந்து போனால் பயமில்லையா?

திருத்தணி மலையடிவாரத்திலும், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் தறிக்கூடங்களிலும், திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “எனக்குத்தான் கொரோனா ஒரு தடவை வந்து போய்விட்டதே, இனி ஊசி எதற்கு?” என்பது அது. “ஊசி போட்டுக்கொண்டவனுக்கும் வந்ததே, ஊசியால் என்ன பிரயோசனம்?” என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. கேட்பவர்களை அறியாதவர்கள் என்று ஏசிவிட்டுப் போவது நம் வேலையல்ல. பதில் சொல்வதே நம் வேலை.

கொரோனா எல்லோரையும் விட்டு உடனே போய்விடுவதில்லை. காய்ச்சல் தணிந்து மூன்று மாதமாகியும் சிலருக்கு அசதி தீர்வதில்லை. மூச்சு வாங்குகிறது, மறதி வருகிறது. திருத்தணியின் 365 படிகளை ஒரே மூச்சில் ஏறியவர் முப்பதாவது படியில் உட்கார்ந்துவிடுகிறார். டாக்டர்கள் இதை ‘லாங் கோவிட்’, அதாவது நீடித்த கோவிட் என்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2021 அக்டோபரில் இதற்கு இலக்கணமே வகுத்துவிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு இது நோய். தறி ஓடினால் கூலி, கரும்பு வெட்டினால் கூலி என்று வாழ்கிறவருக்கோ இது பட்டினி. “சோம்பேறி” என்ற பட்டம் அதற்கு மேல் வட்டி!

முதல் கேள்விக்கு வருவோம். ஒரு முறை வந்து போனது காப்பாற்றுமா? ஓரளவு காப்பாற்றும். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட கணக்கின்படி, முதல் முறை தொற்றியபின் வயது வந்தோரில் 1,000 பேருக்கு 40 பேர் நீடித்த கோவிடால் அவதிப்பட்டனர். முதல் முறை தப்பித்து, இரண்டாம் முறை தொற்றியவர்களில் 1,000 பேருக்கு 24 பேர் அவதிப்பட்டனர். 40 எங்கே, 24 எங்கே. குறைந்தது உண்மைதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த 24 பேரும் முதல் முறை தப்பியவர்கள் அல்லவா? இவர்கள் பழைய 40 பேருக்குப் பதிலாக வரவில்லை, அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு தொற்றும் புதிதாக ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. இரண்டு முறை வந்தவர் இரண்டு முறை ஆபத்தைத் தாண்டவேண்டும்.

அடுத்தது ஊசி. ஊசி இரும்புக் கோட்டையல்ல. போட்டுக்கொண்டவருக்கும் தொற்று வரும். ஆனால் வந்தது நீடித்து உடலில் உட்காருவதை ஊசி வெகுவாகக் குறைக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த முடிவு இது: ஓமிக்ரான் காலத்தில் தொற்று கண்டவர்களில், ஊசி போடாதவர் 100 பேரில் சுமார் 8 பேருக்கு ஓராண்டுக்குள் நீடித்த கோவிட் கண்டது. ஊசி போட்டவர்களில் 3 அல்லது 4 பேருக்கே கண்டது. பாதிக்கும் குறைவு!

நம் நாட்டுச் சான்றும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 14,419 பேரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஓராண்டு கவனித்து 2023இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 100க்கு 6.5 பேர் அந்த ஓராண்டுக்குள் இறந்தனர். தொற்றுக்கு முன்பே ஊசி போட்டிருந்தவர்களுக்கு அந்த மரண ஆபத்து 60 சதவிகிதம் குறைவாக இருந்தது. “ஊசியால்தான் வாலிபர்கள் திடீரென்று சாகிறார்கள்” என்ற வதந்தியையும் அதே கவுன்சில் ஆராய்ந்தது. இரண்டு ஊசி போட்டவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து குறைந்திருந்தது. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களுக்கே அது கூடியிருந்தது. வதந்தி தலைகீழாகிவிட்டது.

ஆகவே, வந்து போன நோயை நம்பி ஊசியை விடுவது விவேகமல்ல. நோய் தரும் காப்புக்கு நாம் உடம்பையே விலையாகக் கொடுக்கிறோம். ஊசி தரும் காப்புக்கு ஒரு நாள் கைவலியும் காய்ச்சலும்தான் பெரும்பாலோர் கொடுக்கும் விலை.

இதில் தொழிலாளியின் கடமை பாதி; சர்க்காரின் கடமை மீதி. 2021இல் ஜனங்கள் ஊசிக்கு வரிசையில் நின்றபோது, பொதுப்பணத்தில் கட்டிய செங்கற்பட்டுத் தடுப்பூசி வளாகம் ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் பூட்டிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. வயோதிகர்களுக்கும், சர்க்கரை, இருதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கவேண்டும். இளைப்போடு வருகிறவரை “ஒன்றுமில்லை, போ” என்று விரட்டக்கூடாது. சளியையும் ரத்தத்தையும் சோதித்து, காசமா, சோகையா, சர்க்கரையா என்று பார்க்கவேண்டும். அவை இல்லையென்றால் நீடித்த கோவிட் என்று சீட்டில் எழுதவேண்டும். அந்தச் சீட்டைக் காட்டினால் இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் கிடைக்கவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடங்களையும் வயல்வெளியையும் இ.எஸ்.ஐ. பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்குள்ளவர்களுக்கும் ஏற்பாடு வேண்டும்.

1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. நகரி ஆந்திராவில் நின்றது. எல்லைக்கோடு மனிதன் போட்டது, கிருமி அதைப் பார்ப்பதில்லை. பொன்பாடியைத் தாண்டி அந்தப் பக்கமும் தறிதான், இந்தப் பக்கமும் தறிதான், இருமலும் ஒன்றுதான். இரு பக்கத்துத் தொழிலாளர்களும் ஒரே குரலில் கேட்கவேண்டிய கோரிக்கை இது.

தோழர்களே! பக்கத்துத் தறியில் நிற்பவர் களைத்து உட்கார்ந்தால் கேலி செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்; சங்கத்தில் பெயரைப் பதியுங்கள். எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கு நம் கையில் இருந்தால்தான், கோரிக்கைக்குப் பலம் இருக்கும்.